கண் துடிப்புக்குக் கடையில் தருபவை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதைத் தொடவே கூடாது

"கண்ணு துடிக்குதுங்க, ஏதாவது குடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் பெரும்பாலும் ஒரு கண் சொட்டு மருந்தும் ஓர் அட்டை பி-காம்ப்ளெக்ஸும் கைக்கு வரும். சமீப காலமாக மெக்னீசியம் மாத்திரையும் சேர்ந்துகொண்டது. ஆன்லைனில் தேடினால் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி, சூடேறும் கண் மாஸ்க், அதிரும் மசாஜர் என்று வரிசை கட்டி நிற்கும். இவற்றில் ஈரமூட்டும் சொட்டு, சூடேறும் மாஸ்க் இரண்டுக்கும் காசு கொடுப்பதில் நியாயம் உண்டு, அதுவும் எல்லோருக்கும் அல்ல. மாத்திரைகளும் கண்ணாடியும் இந்தத் துடிப்புக்கு வீண்செலவு. தப்பான சொட்டு மருந்தோ கண்ணையே கெடுத்துவிடும்.

வாங்குவதற்கு முன் எந்தத் துடிப்பு என்று தெரிய வேண்டும். இமையைச் சுற்றி வளையம் போல ஒரு மெல்லிய தசை ஓடுகிறது. கண்ணை மூடுவது அதன் வேலை. அதை இயக்குவது முகத்துக்கு வரும் ஏழாவது மண்டை நரம்பு. அந்தத் தசையின் சில இழைகள் மட்டும் தன்னிச்சையாகச் சுருங்கி விரிவதைத்தான் மயோகிமியா என்கிறார்கள். பெரும்பாலும் ஒரு பக்கக் கீழிமையில் வரும். கண்ணாடியை நெருங்கிப் பார்த்தால் இமைத் தோலுக்கு அடியில் புழு நெளிவது போல ஒரு மெல்லிய அலை ஓடும். சில நொடிகள் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். உள்ளே ஏதோ படபடவென அடித்துக்கொள்வது போல இருந்தாலும் எதிரே உட்கார்ந்திருப்பவர் பல நேரம் கவனிக்கவே மாட்டார். கண் முழுசாக மூடிக்கொள்ளாது, பார்வை மங்காது, வலி இருக்காது. தூக்கக் குறைவு, அலுப்பு, மன அழுத்தம், அளவு மீறிய காபி, உலர்ந்த கண், விடாமல் திரை பார்ப்பது ஆகியவை இதைத் தூண்டும். சில நாளிலோ சில வாரத்திலோ தானாகவே அடங்கிவிடும்.

தானாக அடங்குவதில்தான் வியாபாரத்தின் சூட்சுமம் இருக்கிறது. இரண்டாவது வாரத்தில் எதைச் சாப்பிட்டாலும் மூன்றாவது வாரத்தில் துடிப்பு நிற்கும், பெயர் அந்த மாத்திரைக்குப் போகும். ஒரு பொருளுக்கு எழுதப்படும் "நாலே நாளில் நின்றது" போன்ற பாராட்டுகளைப் படிக்கும்போது இதை மறக்காதீர்கள். ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது துடித்தால் நல்லது என்ற நம்பிக்கை நம்மிடம் உண்டு. மருத்துவத்தில் வலது இடது வேறுபாடு ஏதும் இல்லை.

முதலில் ஈரமூட்டும் சொட்டு. கண் உறுத்துகிறது, மணல் விழுந்தது போல இருக்கிறது, மாலையில் எரிகிறது, காற்றில் தண்ணீர் கொட்டுகிறது என்றால் கண் உலர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர்களுக்குச் சொட்டு மருந்து உறுத்தலைக் குறைக்கும்; துடிப்பைத் தூண்டும் ஒரு காரணம் விலகும். உறுத்தல் எதுவும் இல்லாமல் துடிப்பு மட்டும் இருந்தால் இந்தப் பாட்டில் தேவையில்லை.

பெட்டியில் பிராண்டின் பெயரை விட மருந்தின் பெயரைப் பாருங்கள். ரெஃப்ரெஷ் டியர்ஸில் இருப்பது 0.5% கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ். இதே மருந்து இதே அளவில் வேறு பல நிறுவனப் பெயர்களிலும் வருகிறது. லேசான உலர்வுக்கு எது வாங்கினாலும் ஒன்றுதான். 1% என்று போட்டிருந்தால் இன்னும் கெட்டி. போட்டதும் சில நிமிடம் பார்வை மங்கும் என்பதால் வண்டி ஓட்டுவதற்கு முன் வேண்டாம், படுக்கும்போது நல்லது. சிஸ்டேன் அல்ட்ராவில் 0.4% பாலிஎத்திலீன் கிளைக்காலும் 0.3% புரோப்பிலீன் கிளைக்காலும் இருக்கின்றன. சோடியம் ஹயலுரோனேட் என்று எழுதியவை தண்ணீரைப் பிடித்துவைப்பதில் நன்றாக வேலை செய்யும், விலை சற்று கூடும்.

அடுத்து பார்க்க வேண்டியது பிரிசர்வேட்டிவ். பாட்டிலைத் திறந்த பிறகு கிருமி சேராமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அது. மலிவான பல சொட்டுகளில் பென்சல்கோனியம் குளோரைடு இருக்கும். எப்போதாவது போடுபவருக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு நாலு முறைக்கு மேல், வாரக்கணக்கில் போடுபவருக்கு அதுவே கண்ணின் மேற்பரப்பை அரித்து உலர்வைக் கூட்டும். சொட்டு போடப் போட எரிச்சல் அதிகமாகிறது என்று புகார் சொல்பவர்கள் முதலில் லேபிளில் இந்தப் பெயரைத் தேட வேண்டும். அடிக்கடி போட வேண்டியவர்களுக்கு ஒரு முறை கிள்ளிப் போட்டுவிட்டு எறியும் சின்ன பிளாஸ்டிக் குப்பிகளோ, காற்று உள்ளே புகாத பம்ப் பாட்டிலோதான் சரி. விலை அதிகம்தான், ஆனால் இந்த இடத்தில் கொடுக்கும் கூடுதல் காசு வீண் போகாது.

போடும் முறையில்தான் பாதி மருந்து கன்னத்தில் வழிந்து போகிறது. கண்ணுக்குள் தங்கக்கூடிய திரவம் அதிகபட்சம் 30 மைக்ரோலிட்டர் அளவுதான். ஒரு சொட்டே கிட்டத்தட்ட அவ்வளவோ அதற்கு மேலோ இருக்கும். இரண்டு சொட்டு விட்டால் இரண்டாவது வெளியேதான் போகும். கை கழுவி, தலையைச் சாய்த்து, கீழிமையை விரலால் மெல்ல இழுத்தால் ஒரு சின்னக் குழி தெரியும். பாட்டில் முனை இமையிலோ முடியிலோ படாமல் அந்தக் குழியில் ஒரே சொட்டு. பிறகு கண்ணை இறுக்காமல் மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரல் நுனியால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அங்கேதான் கண்ணீர் மூக்குக்குள் வடியும் துளை இருக்கிறது. அதை அடைத்தால் மருந்து கண்ணில் தங்கும். வேறு சொட்டும் போட வேண்டுமானால் நடுவே ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள்.

10 மிலி பாட்டிலில் தோராயமாக 200 சொட்டு இருக்கும். இரண்டு கண்ணுக்கும் நாளைக்கு நாலு வேளை என்றால் 25 நாளில் தீரும். இரண்டு மாதமாக ஒரே பாட்டில் ஓடுகிறதென்றால் சரியாகப் போடவில்லை, அல்லது அது தேவைப்படவே இல்லை. திறந்து ஒரு மாதம் ஆன பாட்டிலை, பாதி மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். பெட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதி திறக்காத பாட்டிலுக்கானது. திறந்த அன்றே லேபிளில் பேனாவால் தேதியை எழுதிவைத்தால் குழப்பம் வராது.

இங்கேயே ஆபத்தான சொட்டுகளையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவையும் அதே அலமாரியில்தான் இருக்கின்றன. டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் ஆகியவற்றில் எந்தப் பெயர் லேபிளில் இருந்தாலும் அது ஸ்டீராய்டு. ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து ஒரே பாட்டிலில் வருவதும் உண்டு. சிவப்பும் எரிச்சலும் ஒரே நாளில் குறைந்துவிடுவதால் "நல்ல மருந்து" என்று பேர் வாங்கி, தெருவுக்குத் தெரு கை மாறுகிறது. டாக்டர் பார்க்காமல் வாரக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் கூடி, வலியே இல்லாமல் பார்வை நரம்பு பாழாகும்; கண்புரையும் சீக்கிரம் வரும். இழந்த நரம்புப் பார்வை திரும்பாது. துடிப்புக்கும் ஸ்டீராய்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கடைக்காரர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், சிவப்புக் கோடு போட்ட பெட்டியைச் சீட்டு இல்லாமல் நீட்டினால் வாங்காதீர்கள்.

கண்ணை "வெள்ளையாக்கும்" சொட்டுகளும் வேண்டாம். நாஃபசோலின் போன்றவை ரத்தக் குழாயைச் சுருக்கிச் சிவப்பை மறைக்கும். மருந்தின் வேகம் இறங்கியதும் சிவப்பு முன்னை விடக் கூடுதலாகத் திரும்பும், மறுபடி போடத் தோன்றும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், பன்னீர் எதையும் கண்ணில் விடக் கூடாது. கிருமி நீக்கப்படாத எதுவும் கருவிழியில் புண்ணை உண்டாக்கலாம். அரிப்பும் இருந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை, அதற்கு ஓலோபடடின் போன்ற வேறு சொட்டு இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

சூடேறும் மாஸ்க்கை நாங்கள் தயங்காமல் பரிந்துரைப்போம், ஒரு நிபந்தனையோடு. இமை ஓரத்தில் முடி வரிசைக்குச் சற்று உள்ளே வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காப்பது அந்த எண்ணெய்தான். சுரப்பியில் அது வெண்ணெய் போல உறைந்துவிட்டால் கண்ணீர் நிறைய இருந்தும் கண் உலரும். காலையில் இமை ஒட்டிக்கொள்வது, இமை ஓரம் சிவந்து தடித்திருப்பது, அடிக்கடி கட்டி வருவது ஆகியவை அடையாளம். அவர்களுக்கு 40 டிகிரிக்குச் சற்று மேலான சூடு பத்து நிமிடம் கிடைத்தால் எண்ணெய் இளகும்.

வெந்நீரில் நனைத்த துணியால் ஏன் பலன் தெரிவதில்லை என்றால், அது இரண்டொரு நிமிடத்திலேயே ஆறிவிடுகிறது. பத்து நிமிடம் சூடு பிடிக்க ஐந்தாறு முறை நனைத்துப் பிழிய வேண்டும், மூன்றாம் நாள் சலித்துவிடும். மணிகள் நிரப்பி மைக்ரோவேவில் சுடவைக்கும் மாஸ்க் நல்ல தேர்வு. துவைக்கக்கூடிய உறை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கூட வரும் குறிப்புத் தாளில் சொன்ன நேரத்துக்கு மேல் ஐந்து விநாடி கூட வைக்காதீர்கள், மணிகள் ஓரிடத்தில் குவிந்திருந்தால் அந்த இடம் கொதிக்கும். குலுக்கி, மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்துத்தான் கண்ணுக்குப் போக வேண்டும். யூஎஸ்பியில் இயங்கும் மாஸ்க் வாங்கினால் வெப்பநிலையை எண்ணில் காட்டுவதும் தானாக அணைவதும் அவசியம். பிரித்ததும் சூடாகும் ஒரு முறை மாஸ்க்கில் இரும்புத் தூள் காற்றோடு சேர்ந்து சூட்டைத் தருகிறது. பயணத்துக்குச் சரி, தினமும் என்றால் கட்டுப்படியாகாது.

சூடு கொடுத்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. இளகிய எண்ணெயை வெளியே கொண்டுவர வேண்டும். கண்ணை மூடி, மேலிமையை மேலிருந்து கீழாகவும் கீழிமையைக் கீழிருந்து மேலாகவும், இமை முடி வரிசையை நோக்கி விரலால் மெல்ல ஐந்தாறு முறை தடவி இறக்குங்கள். கண்விழியை அழுத்தக் கூடாது. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். கண் அறுவை சிகிச்சை சமீபத்தில் நடந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

இதே வடிவத்தில் காற்றழுத்தமும் அதிர்வும் தரும் மசாஜர்கள் விற்கின்றன. இவை கண்ணின் மேல் அழுத்துகின்றன. க்ளாகோமா (கண் அழுத்த நோய்), கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்பாவது), விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் அறுவை செய்த கண்ணுக்கும் அந்த அழுத்தம் கெடுதல். துடிக்கும் தசையை மேலும் குலுக்குவதால் எந்த நன்மையும் இல்லை. வாங்க வேண்டாம்.

மெக்னீசியம் மாத்திரைக்கு வருவோம். உடலில் மெக்னீசியம் உண்மையிலேயே குறைந்தால் தசைகள் துடிக்கும், அது சரிதான். ஆனால் அந்தக் குறைவு கீழிமையின் ஒரு மூலையோடு நின்றுவிடாது; கால் குரக்களி, நடுக்கம், சோர்வு என்று உடம்பெங்கும் காட்டும். நீண்ட நாள் வயிற்றுப்போக்கு, அதிக மது, சில நீர் மாத்திரைகள், வருடக்கணக்கில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஆகியவை அதற்குக் காரணமாகலாம். மற்றபடி நலமாக இருப்பவரின் இமைத் துடிப்பை மெக்னீசியம் நிறுத்தும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. வாங்கியே தீருவது என்றால் லேபிளின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். மெக்னீசியம் ஆக்சைடில் எடையில் சுமார் 60% மெக்னீசியம். ஆனால் உடல் சரியாக ஏற்காது, வயிற்றைக் கலக்கும். கிளைசினேட்டில் 14% அளவுதான், அதாவது 500 மிகி மாத்திரையில் 70 மிகி. முன்பக்கம் பெரிதாக அச்சிட்ட எண் எது என்பதில்தான் ஏமாற்றம் நடக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது. வெளியேற முடியாத மெக்னீசியம் இதயத்தைப் பாதிக்கும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உடலில் சேராது. கேழ்வரகு, வேர்க்கடலை, பாதாம், பூசணி விதை, கீரை, முழுப் பயறு சாப்பிடுபவருக்கு மாத்திரை எதற்கு?

பி-காம்ப்ளெக்ஸ் சிறுநீரை மஞ்சளாக்கும், துடிப்பை நிறுத்தாது. பி12 குறைவு என்று ரத்தப் பரிசோதனை சொன்னால் அதற்குரிய சிகிச்சையை எடுங்கள், அது வேறு விஷயம்.

நீல ஒளிக் கண்ணாடி பற்றி மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 17 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தது. திரையால் வரும் கண் களைப்புக்குச் சாதாரணக் கண்ணாடியை விட இது கூடுதலாக எதையும் செய்வதாகத் தெரியவில்லை. அந்தக் காசில் சரியான பவர் பார்த்துக் கண்ணாடியை மாற்றுங்கள். நாற்பதைத் தாண்டியும் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி போடாமல் இமையைச் சுருக்கிப் படிப்பவர்களின் இமைத் தசை நாள் முழுக்க ஓய்வில்லாமல் உழைக்கிறது.

காசே செலவில்லாத ஒன்று, காஃபீனைக் குறைப்பது. அதன் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக் காபி இரவு பதினொன்றுக்கும் பாதி உள்ளே இருக்கிறது. காபி, டீ மட்டும் கணக்கல்ல. எனர்ஜி டிரிங்கில் லிட்டருக்கு 300 மிகி வரை இந்தியாவில் அனுமதி, அதாவது 250 மிலி கேனில் 75 மிகி வரை. சில தலைவலி மாத்திரைகளிலும் காஃபீன் உண்டு. அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி பிடிக்கும், இரண்டு நாளுக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். மதியத்துக்குப் பின் வேண்டாம், இரவில் ஏழு மணி நேரமாவது தூக்கம். இரண்டு வாரம் இதை மட்டும் செய்துவிட்டு, பிறகு கடைக்குப் போவதா என்று யோசிக்கலாம்.

இதற்கெல்லாம் அடங்காத இரண்டு துடிப்புகள் உண்டு. ஒன்று ப்ளெஃபரோஸ்பாஸம்: இரண்டு கண்ணும் சேர்ந்து அடிக்கடி சிமிட்டத் தொடங்கி, போகப்போக இறுக மூடிக்கொள்ளும். வெயிலில், படிக்கும்போது, வண்டி ஓட்டும்போது அதிகமாகும். ஐம்பதைத் தாண்டிய பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. மனதில் ஏதோ கோளாறு என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே வருடங்கள் ஓடிவிடும். இது மூளையின் இயக்கக் கட்டுப்பாட்டில் வரும் பிழை, நடிப்பும் அல்ல, பழக்கமும் அல்ல. வெளிச்சம் தாங்காதவர்களுக்கு எஃப்எல்-41 என்ற ரோஸ் நிறச் சாயக் கண்ணாடி ஓரளவு ஆறுதல் தரும்.

இன்னொன்று ஹெமிஃபேஷியல் ஸ்பாஸம். ஒரு கண்ணைச் சுற்றித் தொடங்கி, மாதங்கள் போக அதே பக்கக் கன்னத்துக்கும் வாய் ஓரத்துக்கும் இறங்கும். தூக்கத்திலும் துடிக்கலாம். மூளைத் தண்டிலிருந்து முக நரம்பு வெளிவரும் இடத்தில் ஒரு ரத்தக் குழாய் அதை அழுத்துவதே பெரும்பாலும் காரணம்; எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் குழாயையும் நரம்பையும் பிரித்துவைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. இமை தொங்குவது, இரட்டையாகத் தெரிவது, கருமணிகள் சமமில்லாமல் இருப்பது, முகம் ஒரு பக்கம் வலுவிழப்பது ஆகியவை துடிப்போடு வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வேறு எதுவும் இல்லாத சாதாரணத் துடிப்பும் மூன்று மாதத்தைத் தாண்டினால் கண் டாக்டரைப் பாருங்கள்.

ப்ளெஃபரோஸ்பாஸம், ஹெமிஃபேஷியல் ஸ்பாஸம் இரண்டுக்கும் கொடுக்கும் போட்டுலினம் ஊசிதான் (தசையைத் தளர்த்தும் மருந்து; போடாக்ஸ், டிஸ்போர்ட் என்ற பிராண்டுகளில் வருகிறது) இந்தத் துறையில் முழு மதிப்பெண் பெறும் சேவை. அழகுக்கான ஊசி என்று பேர் எடுத்தாலும் அதன் தொடக்கம் கண் மருத்துவம். சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்காக உருவாக்கியது. 1989-ல் அமெரிக்காவில் மாறுகண்ணுக்கும் ப்ளெஃபரோஸ்பாஸத்துக்கும் அனுமதி கிடைத்தது. சுருக்கம் நீக்குவதெல்லாம் பிறகு வந்தது.

குப்பிக்குள் இருப்பது அடியில் ஒட்டிய மெல்லிய வெள்ளைப் படலம், பார்த்தால் காலிக் குப்பி போலவே தெரியும். சலைன் விட்டு, நுரை வராமல் மெல்லச் சுழற்றிக் கரைப்பார்கள். 100 யூனிட் குப்பியில் 4 மிலி சலைன் விட்டால் 0.1 மிலியில் 2.5 யூனிட் வரும். போடாக்ஸில் முதல் முறை ஓரிடத்துக்கு 1.25 முதல் 2.5 யூனிட் வரைதான். மேலிமையின் இரு ஓரங்களிலும் கீழிமையின் வெளி ஓரத்திலும் மிக மெல்லிய ஊசியால் தோலுக்கு அடியில் போடுவார்கள். மேலிமையின் நடுவைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு: அங்கே இமையைத் தூக்கும் தசை இருக்கிறது, மருந்து அதில் ஊறினால் இமை வாரக்கணக்கில் தொங்கும். அனுபவமுள்ள கையைத் தேடிப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

பலன் மூன்று நாளில் தெரியத் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் உச்சத்துக்கு வரும். சுமார் மூன்று மாதம் நிற்கும், பிறகு மறுபடி போட வேண்டும். மறுநாளே நிற்கவில்லை என்று பயப்பட வேண்டாம். பத்தாம் நாளில் பலன் சற்றுக் குறைவாகத் தெரிகிறது என்று உடனே இன்னொரு டோஸ் கேட்கவும் வேண்டாம். நெருக்கி நெருக்கிப் போட்டால் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கி, மருந்து பலிக்காமல் போகக்கூடும். சிமிட்டல் குறைவதால் கண் உலரும். பிரிசர்வேட்டிவ் இல்லாத சொட்டு இங்கே கட்டாயம் தேவை. கர்ப்பிணிகளும் மயஸ்தீனியா என்ற தசை பலவீன நோய் உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஊசி பட்ட இடம் கன்றும், அதையும் சொல்லுங்கள்; மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

விலை குப்பிக்கு அல்ல, யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஒரே நாளில் பலரை வரச் சொல்லி ஊசி போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அங்கே குப்பி எப்போது கரைக்கப்பட்டது, 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்ததா என்று கேட்பதில் தப்பே இல்லை, கரைத்தது 24 மணி நேரத்துக்குள் தீர வேண்டும். போடாக்ஸின் ஒரு யூனிட்டும் டிஸ்போர்ட்டின் ஒரு யூனிட்டும் ஒன்றல்ல. அதனால் சீட்டில் பிராண்ட், மொத்த யூனிட், எந்தெந்த இடத்தில் எவ்வளவு, தேதி ஆகிய நான்கையும் எழுதி வாங்குங்கள். அடுத்த முறை வேறு ஊரில், வேறு டாக்டரிடம் போக நேர்ந்தாலும் அளவை அதிலிருந்தே சரிசெய்ய முடியும். ஊசிக்கு முந்தைய நாள் பேசும்போதும் படிக்கும்போதும் துடிப்பதை மொபைலில் அரை நிமிடம் எடுத்துவைத்துக்கொண்டு போங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பலருக்குத் துடிப்பு அடங்கிவிடும்.